பிடித்த இடம் எது?

பழைய வண்டி விற்கும் பச்சோந்தி, டிரெய்லர் இழுத்துத் தேய்ந்த ஒரு கிழட்டு லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, ஓடிய தூரம் காட்டும் மீட்டரையும் குறைத்து வைத்தது. லாரியிடம், "வாயைத் திறக்காதே. உண்மை தெரிந்தால் உனக்குக் காயலான் கடைதான்" என்றது.

வாங்க வந்த ஒட்டகம் மீட்டரைப் பார்க்கவில்லை. சக்கரத்தருகே படுத்து அசைபோட்டபடி, "நீ போனதில் உனக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டது.

லாரி தன்னை மறந்தது. மேகத்துக்குள் ஏறிய மலைப்பாதையை, விடியலில் சிவந்து கிடந்த உப்பளங்களை, ஆப்பிள் வாசனையோடு பனியில் இறங்கியதை மெல்லச் சொல்லிக்கொண்டே போனது. பச்சோந்தி வெளுத்து நிற்பதைக் கண்ட பிறகுதான், உண்மையை உளறிவிட்டது லாரிக்கு உறைத்தது.

ஒட்டகம் எழுந்து பணத்தை நீட்டியது.

"இவ்வளவு ஓடிய வண்டியையா வாங்குகிறீர்கள்?" என்றது லாரி.

"பாலைவனத்துக்கு அப்பால் எனக்கு வழி தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்" என்று கதவைத் திறந்தது ஒட்டகம்.