பரவாயில்லை

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் செண்பகாவுக்கு மாட்டிய வளையல், அவள் சொல்வதைக் கேட்டே வலி மருந்தைச் செலுத்தும். நலம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் "பரவாயில்லீங்க" என்றாள். வளையல் அதை நம்பி மருந்தை நிறுத்திக்கொண்டது. அவளால் கையைத் தூக்கவே முடியவில்லை.

"அதுக்கு நாகரிகம் தெரியாதுடி. நீ சொல்றதை அப்படியே நம்பும்" என்றான் கணவன் முகிலன்.

மாலையில் நாத்தனார் கோமதி வந்தாள். "இப்ப எப்படி இருக்கு அண்ணி?"

முகிலன் வளையலைப் பார்த்தான்.

"கடுக்குது கோமதி. தோள்பட்டை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. காபி வேணும்னா நீயே போட்டுக்க. எனக்கும் சேர்த்துப் போடு."

கோமதி திகைத்தாள். வளையல் மெல்ல அதிர்ந்தது.

பால் பொங்கியதும் அடுப்படி வாசலுக்கு வந்து கோமதி கேட்டாள்: "சர்க்கரை எங்க அண்ணி?"

செண்பகா கையை உயர்த்தி மேல்தட்டைக் காட்டினாள்.