துப்பாக்கித் தகட்டில் ஒரு பெண்

துப்பாக்கியைப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள் அவள். "இப்பவே உண்மையைச் சொல்லணும். இல்லேன்னா நடக்கிறதே வேற."

உளிக்காரர் அசையவில்லை. பழைய துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்குவது அவர் தொழில். இதுவும் அப்படி வேலைக்கு வந்ததுதான், சுடுவதை மறந்து நூறு வருஷமாகிறது. அவள் விரலும் விசையில் இல்லை, பக்கத் தகட்டில்தான் இருந்தது.

தகடு முழுக்கக் கொடியும் இலையும். நடுவில் ஒரு பெண், கூந்தலை முன்னால் அள்ளிப் போட்டு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்கழுத்துக்குக் கீழே கோணல்மாணலாக மூன்று மச்சங்கள்.

"யாருங்க இவ?"

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். உளியைப் பிடித்தால் இரும்பில் கொடி படரவைக்கிற மனுஷருக்கு, பேசச் சொன்னால் மட்டும் நாக்கு துருப்பிடித்துவிடும்.

"கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தா விட்டுடுவேனா? மச்சம் வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கீங்க. கட்டின பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கே துரோகமா?" அவள் குரல் உடைந்தது. "பெட்டியைக் கட்டி வச்சாச்சு. பேரைச் சொல்லுங்க. இல்ல, எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

துரோகம் என்ற சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இவளை விட்டால் அவருக்கு நாதி கிடையாது.

"என் கற்பனை இல்லம்மா. ஆர்டர் குடுத்தவரே வரைஞ்சு குடுத்த படம். முகம் வேணாம்னுட்டார். ஆனா மச்சம் மட்டும் இடம் மாறக் கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டார்."

"யாரு அது?"

"நம்ம பழம்பொருள் கடைக்காரர்தான். மனசுக்குப் பிடிச்சவளாம். விக்கிறதுக்கு இல்லையாம், படுக்கை அறையில மாட்டப் போறாராம்."

வேறொருத்தியாக இருந்தால், அப்பாடா என்று பெருமூச்சு விட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பாள். புருஷன் மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டதே. இவளோ துப்பாக்கியை மேஜைமேல் தொப்பென்று போட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவனா? கல்யாணமே வேண்டாம்னு சாமியார் மாதிரி திரிஞ்சானே. எவ இவ? எத்தனை நாளா நடக்குது?"

நேற்றுவரை அந்தக் கடைக்காரரை 'அண்ணே, அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். உளிக்காரருக்கு நெஞ்சில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

"நிஜமாவே அடையாளம் தெரியலையா?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் லென்ஸை அவள் கையில் வைத்தார்.

"அதுவும் சரிதான். உன் முதுகு உனக்கு எப்படித் தெரியும்."