கூண்டுக்கு ஒரு மாலை

ஆயுத பூஜையன்று நுண்ணோக்கிக்கும் தராசுக்கும் சந்தனம் வைத்துவிட்டு வந்த இசக்கியம்மாளுக்கு, எலிக்கூண்டுகளை மட்டும் வெறுமனே விட மனம் வரவில்லை. நம் கல்லீரலுக்காக நஞ்சை வாங்கிக்கொள்பவை அவைதானே. ஆராய்ச்சிக்காக இரண்டு கூண்டு எலிகளுக்கும் அவள் நஞ்சு கொடுத்து வந்தாள். ஒரு கூண்டுக்கு மட்டும் கீழாநெல்லிச் சாறும் உண்டு. மருந்து இல்லாவிட்டால் ஈரல் எப்படிக் கெடும் என்று காட்டுவது மற்றதன் வேலை. கடைசியில் எல்லாவற்றையும் அறுத்துப் பார்க்க வேண்டும். பூ தீர்ந்துபோயிருந்ததால், சாறெடுத்தது போக மிச்சமிருந்த கீழாநெல்லியை நூலில் தொடுத்து, இரண்டு கூண்டுக்கும் மாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

விடுமுறை முடிந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மருந்தே காணாத எலிகளும் மருந்து குடித்தவற்றைப் போலவே ஈரல் கெடாமல் இருந்தன. பேராசிரியை தமயந்தி கூண்டருகே குனிந்தார். கம்பியில் வெறும் நூல் தொங்கியது.

"என்னம்மா இது?"

"நன்றி சொல்லத்தான் கட்டினேன், மேடம்."

"அதுங்களும் வாங்கிக்கிச்சுங்க." வந்த சிரிப்பைத் தமயந்தி அடக்கிக்கொண்டார். "இத்தனை மாச வேலையும் போச்சு. புது எலி வரவழைச்சு முதல்லேருந்து ஆரம்பி. இந்தச் சோதனை இனி செல்லாது, இதுங்கள அறுக்க வேண்டாம்."

இசக்கியம்மாள் அழுதுகொண்டேதான் நூலை அவிழ்த்தாள். இலை வாசம் ஒட்டியிருந்த அவள் விரலை, காது கிழிந்த எலியொன்று கம்பி வழியே நக்கியது. நாளைக்குப் புது எலிகள் வந்துவிடும். நூலைக் குப்பையில் போடப் போனவள், சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.