கானாற்றுக்கு வழி

வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த ஓர் அயிரை மீன், முன்பின் தெரியாத ஊரில் வந்து ஒதுங்கியது. கரையில் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டிடம், "அண்ணே, கானாற்றுக்கு எப்படிப் போகணும்? அங்கேதான் எங்க வீடு," என்று கேட்டது.

"கானாறா? அப்படி ஒண்ணு இந்தப் பக்கமே கிடையாதே, தங்கச்சி. இது ஓடை. மேலே போனாலும் ஓடை, கீழே போனாலும் ஓடைதான்."

அயிரை அழுத அழுகை நண்டுக்குத் தாங்கவில்லை.

"அழாதே. அந்த மேட்டுக்கு அப்பால ஏதோ தண்ணிச் சத்தம் கேக்கும். உங்க கானாறு அதுவாத்தான் இருக்கணும். கொடுக்குல தூக்கிட்டுப் போய் நானே விடறேன். கொஞ்ச தூரம் வெயில்தான். மூச்சைப் பிடிச்சுக்கோ."

வேறு வழி தெரியாத அயிரை சரியென்றது. கிளம்புமுன் கடைசியாக ஒரு வாய் தண்ணீர் குடித்தது. துவர்த்தது. அதன் வீட்டுக்கு மேலே நிற்கும் நாவல் மரம் பழம் உதிர்க்கும்போது வரும் அதே துவர்ப்பு!

அவ்வளவுதான், தண்ணீரை எதிர்த்து விறுவிறுவென்று நீந்தத் தொடங்கியது.

நண்டு பதறிப்போய்க் கரையோடு கூடவே ஓடியது.

"ஐயோ தங்கச்சி, அங்கே போகாதே! அந்தப் பக்கம் வெறும் ஓடைதான் இருக்கு!"