கோணிக்குக் கழித்த ஒரு கிலோ

இட ஒதுக்கீட்டு மறியலில் பஸ் ஓடவில்லை. மூன்று மாதம் சோற்றுக்குப் பதில் பவுடரா, வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனா என்று முடிவு கேட்கும் சேலத்து டாக்டர், இன்றைய எடையையும் போனிலேயே சொல்லச் சொல்லிவிட்டார். வீட்டு மெஷின் நூற்றிருபது கிலோவுக்கு மேல் காட்டாது. அதனால் சின்னசேலத்தில் தங்கள் மக்காச்சோள மண்டியில், மூட்டை நிறுக்கும் தராசின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள் முஹ்சினா. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் நுழையும் வெயிலில் சோளத்தூசி மினுங்குகிறது. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. சிவப்பு எண்கள் தடுமாறி நூற்றிருபத்தெட்டில் நிற்கின்றன. “நூத்தி இருபத்தேழு,” என்று சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதுகிறார் அவள் புருஷன் கவுஸ் பாஷா. “இன்னாங்க, கோணிக்கு ஒரு கிலோ கழிச்சிட்டீங்களா?” ஒவ்வொரு மூட்டைக்கும் கோணி எடையைக் கழித்தே எழுதும் இருபது வருஷத்துக் கைப்பழக்கம், அவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, எண்களும் அவளோடு சேர்ந்து குலுங்குகின்றன. “கத்தி வேணாம்மா. பவுடரயே இன்னொரு வாட்டி குடிச்சிப் பாரேன்,” என்கிறார் அவர். “ரெண்டு வாட்டி குடிச்சாச்சி. பட்டினி கெடந்து எறக்குனது அத்தினியும் திரும்பி ஏறிடிச்சி.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறாள். “முழு எடையப் போடுங்க. ஆபரேஷனுக்கே போறேன். கழிக்கிறத அங்க போயி கழிச்சிக்கலாம்.”