பெட்டி சரியாகத்தான் சொன்னது

"கிராஃப் எல்லாம் சரியா இருக்கு. சூடு சரி, ஈரம் சரி. அப்புறம் புழு மட்டும் ஏம்மா செத்துது?"

வெளித் தேர்வாளர் ராமானுஜன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாதவி கிராஃபை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

திருப்பதியில் ஒரு பொறியியல் கல்லூரி. கடைசி வருட ப்ராஜெக்ட் வைவா. அவளும் சலீமும் ஆறு மாதம் மாய்ந்து மாய்ந்து செய்த சென்சார் பெட்டி மேஜைமேல் இருந்தது. பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டில் சூடோ ஈரமோ எல்லை தாண்டினால் வளர்ப்பவர் போனுக்கு மெசேஜ் அனுப்பும். தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமமான ராமகுப்பத்தில் செல்லியம்மா என்கிற முப்பது வயதுப் பெண்ணின் ஷெட்டில் மாட்டிச் சோதித்தார்கள்.

இருபது நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. புழு கூடு கட்ட இன்னும் மூன்றே நாள் என்றிருந்தபோது, ஷெட்டில் ஒன்று பாக்கியில்லாமல் செத்துவிட்டது.

பெட்டி தப்பாகக் காட்டியதால்தான் செத்தது என்று சார் முடிவு கட்டினால் ப்ராஜெக்ட் ஃபெயில். அது ஃபெயில் என்றால் ஜூலையில் ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் சேரவேண்டிய வேலையும் போச்சு.

"பெட்டி சரியாத்தான் சார் காட்டிச்சு" என்றாள் மாதவி.

"அப்போ காரணம்?"

காரணம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அன்று சாயந்திரம் ஷெட்டில் ரீடிங் எடுக்க உட்கார்ந்தவள், கொசுக்கடி பொறுக்காமல் பையிலிருந்த கொசு மருந்து மெஷினை எடுத்து ப்ளக்கில் சொருகினாள். செல்லியம்மா தோட்டத்தில் மல்பெரி இலை அறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டே மணி நேரம்தான். கொசு போனது. மறுநாள் காலை புழுவும் போனது. கொசுவைக் கொல்கிற மருந்து பட்டுப்புழுவை மட்டும் விட்டுவைக்குமா என்று அந்த பி.டெக். மூளைக்குத் தோன்றவேயில்லை.

"அந்த அக்காகிட்ட சொல்லிடலாம் மாதவி" என்று சலீம் அன்றைக்கே சொன்னான்.

"வைவா முடியட்டும்டா. இப்பச் சொன்னா காலேஜ் வரைக்கும் வந்துடும்" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது சலீம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இலையிலதான் சார் கோளாறு. பக்கத்துத் தோட்டத்துல தக்காளிக்கு மருந்து அடிச்சிருக்காங்க. அது படிஞ்ச இலையை அந்த அக்கா கவனிக்காம போட்டிருக்காங்க."

பொய் இத்தனை சரளமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"அப்படியா? அவங்க நம்பரைக் குடு. கேட்டுடலாம்."

மாதவி நம்பரைச் சொன்னாள். ராமகுப்பத்தில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. இன்றைக்கும் இருக்கக் கூடாதென்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டாள். அவர் வேறு வேலையாக இருந்தார் போலிருக்கிறது. இரண்டாவது ரிங்கிலேயே ஸ்பீக்கரில் குரல் வந்துவிட்டது.

"எவுரண்டி?" என்று செல்லியம்மா தெலுங்கில் யாரென்று கேட்டாள்.

ராமானுஜன் தான் யாரென்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "புழுவுக்குப் போட்ட இலையில மருந்து இருந்துதாம்மா? இந்தப் பொண்ணு அப்படித்தான் சொல்றா."

அந்தப் பக்கம் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

செல்லியம்மா இலை விஷயத்தில் எப்படிப்பட்டவள் என்று மாதவி இருபது நாள் கூட இருந்து பார்த்தவள். ஒவ்வொரு இலைக்கட்டையும் முகர்ந்து பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். இதோ, 'எவ என் எலையக் குத்தம் சொன்னது?' என்று கத்தப்போகிறாள். மாதவி மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா சார்" என்றாள் செல்லியம்மா. "அவசரத்துல பாக்காம போட்டுட்டேன். என் தப்புதான். பொட்டி மேல ஒரு கொறையும் இல்ல. சூடு ஏறினா டாண்ணு மெசேஜ் வந்துடும். பசங்க ரெண்டும் பஸ்ஸுலயும் வெயில்லயும் அலைஞ்சு செஞ்சுதுங்க. நல்ல மார்க்கா போடுங்க சார்."

ராமானுஜனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி ஒரு சர்டிபிகேட் யாருக்குக் கிடைக்கும்? போங்க, நல்லா செஞ்சிருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் மாதவிக்கு மூச்சே சீரானது.

"பாவம்டா அந்த அக்கா. நான் சொன்னேன்னதும் இலைதான் காரணம்னு நிஜமாவே நம்பிட்டாங்க."

சலீம் பெட்டியை அவள் கையில் திணித்தான். அதற்குள் அவள் போன் அடித்தது. செல்லியம்மாதான்.

"பாஸ் போட்டாரா பாப்பா?"

"போட்டுட்டாரு அக்கா. ரொம்ப தேங்க்ஸ் அக்கா. உங்களாலதான்."

"பர்வாலேது, இருக்கட்டும். நானும் ஷெட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சுக்கினு இருக்கேன், புதுசா புழு வெக்கணும்ல." சுண்ணாம்பு பிரஷ் சுவரில் உரசும் சத்தம் கேட்டது. "அன்னிக்குக் கதவத் தொறந்தப்பவே கொசு மருந்து வாசன குப்புனு அடிச்சுது பாப்பா. நீயா வந்து சொல்லுவேன்னுதான் இத்தினி நாளா பாத்துக்கினு இருந்தேன்."