கம்பி இல்லாத போல்ட்

மோட்டாரின் மூடியைக் கழற்றியதும் அவன் கம்பிகளைத்தான் பார்த்தான்.

எல்லாம் இருந்தன.

ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் துளை. துளைக்குள் மெல்லிய ஸ்டீல் கம்பி. முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு இழுத்துக் கட்டியது. ஒன்று கழலப் பார்த்தாலும் மற்றது விடாது.

அவன் கட்டியதுதான். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

மீன்பிடி வள்ளத்தின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு மோட்டார்களை வாங்கி, துருவெடுத்து, ஓடவைப்பது அவன் தொழில். இது அவன் பிறப்பதற்கு முன்பே வள்ளம் தள்ளிய மோட்டார்.

"நான் ஓட்டிப் பாக்கட்டா?" என்று மோட்டார் தயாரான அன்று தம்பி ததேயுஸ் கேட்டான்.

குவைத்திலிருந்து திரும்பி வந்ததிலிருந்து அவன் எதையும் கேட்டதில்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். கேட்டானே என்றிருந்தது. அண்ணன் சந்தோஷமாகக் கொடுத்தான்.

வள்ளம் மட்டும் ஆளில்லாமல் ஆழ்கடலில் மிதந்தது. வறுவேல் மாமா கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ததேயுஸ் பிறகு மண்டைக்காடு பக்கம் பிணமாகக் கரை ஒதுங்கினான்.

ஊரே ஒன்றைத்தான் சொன்னது. பழைய இரும்பு. நடுக்கடலில் நின்றிருக்கும். குனிந்து பார்த்தவனை அலை தட்டியிருக்கும்.



அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"அவன் உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா மோனே?"

"இல்லம்மா."

அதன்பிறகும் அவள் அழவில்லை.

இப்போது பூசைக்குப் போயிருக்கிறாள். மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். ஷெட்டில் அவன் மட்டும்.

பெட்ரோல் குழாயைத் தொட்டான். மூடியிருந்தது.

தானாக மூடாது. கையால்தான் திருக வேண்டும்.

டேங்க்கை ஆட்டிப் பார்த்தான். பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது.

மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கினான். குழாயைத் திறந்தான். கயிற்றைச் சுற்றி இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே ஓடியது.

நிற்கட்டும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவனேதான் நிறுத்தினான்.

திரும்பப் போடலாம் என்று மூடியை எடுத்தபோது, உட்பக்கம் விரலில் ஏதோ தட்டியது.

ஒரு பிளாஸ்டிக் உறை. கருப்பு டேப்பால் நன்றாக ஒட்டியிருந்தது.

உள்ளே ததேயுஸின் ஜெபமாலை. சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை எடுத்த நாளில் அம்மா போட்டுவிட்டது. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான்.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டிருக்கவில்லை.

மூடியை யார் திறப்பார்கள் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கிறது.

டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கேயே உட்கார்ந்தான்.

மோட்டார் நல்ல மோட்டார். அவன் வேலையில் குறையில்லை. வெளியே போய் இதைச் சொன்னால் போதும். இனி யாரும் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்ப மாட்டார்கள்.

அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னதாகிவிடும்.



பிறகு கட்டரை எடுத்தான்.

கார்புரேட்டரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட். அவற்றின் கம்பியை வெட்டினான். துண்டு துண்டாக உருவினான். துளைகள் வெறுமையாயின. ஸ்பேனர் போட்டு ஒரு போல்ட்டை முழுதாகக் கழற்றினான். மற்றதைப் பாதி.

கார்புரேட்டர் ஒரு பக்கமாகத் தொங்கியது.

கம்பித் துண்டுகளையும் ஜெபமாலையையும் பையில் போட்டுக்கொண்டான்.

பூசை முடிந்து அம்மாவும் மாமாவும் வந்ததும் ஷெட்டுக்குக் கூப்பிட்டான்.

மாமா குனிந்து பார்த்தார். தொங்குவதை விரலால் அசைத்தார். வெறும் துளைகளைத் தடவினார்.

"இதுக்குக் கம்பி போடலியா நீ?"

"மறந்துட்டேன் மாமா."

"இது கழண்டா எஞ்சின் நின்னுருமே லேய்."

"ஆமா."

மாமா ஓங்கிய கை பாதியில் நின்றது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார்.

அம்மா கிட்டே வந்தாள். அந்தத் தொங்கும் இரும்பையே பார்த்தாள்.

"அப்பம் அவன் கரைக்குத் திரும்பி வரத்தான் பாத்திருக்கான்."

"ஆமாம்மா. கயித்தை இழுத்து இழுத்துப் பாத்திருப்பான்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. அடக்கத்தன்று வராத அழுகை. தெருவிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

அவன் அவள் தோளைத் தொட்டான்.

தட்டிவிட்டாள்.

"நீ என் கண்ணுல முழிக்காத. போ."

போனான்.